பெட்டிசம் வேறு, மனு வேறு
(தீவகப் பொதுமக்கள் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் வாசகம்)



ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் நயினாதீவிலும் வாழும் நாம் குறை கூறுவதற்கு என்றுமே பின்நின்றவர்கள் அல்லர். நமக்குக் குறைகளும் குறைவில்லை. கிணற்று நீர் உவர்க்கிறது. மாரிக் கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுக்குப் படகு இல்லை. போர்க்காலத்தில் விட்டுப்போன காணிக்கு இன்று எல்லை காட்ட ஆளில்லை. இவையெல்லாவற்றையும் நாம் துறைமுகத்திலும் கோயில் வீதியிலும் தேநீர்க் கடையிலும் ஓயாது பேசுகின்றோம். ஆனால், பேசிய குறைகளுள் எத்தனை, கேட்க வேண்டியவர் முன்னிலையில், கேட்க வேண்டிய முறையிலே வைக்கப்பட்டன என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர். உண்மையே. ஆயினும் பாராளுமன்றம் தாயன்று. எங்கே நோகிறது, யாரால் நோகிறது, என்ன மருந்து வேண்டும் என்பதைப் பிள்ளையே எழுதிக் காட்டினாலன்றி அங்கே பால் வராது. அந்த எழுத்துக்குத்தான் மனு என்று பெயர். அதனை ஆக்கும் முறையைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றோம்.

பெட்டிசம் என்னும் நோய்

நம் யாழ்ப்பாணத்திலே "பெட்டிசம்" என்றொரு சொல் வழங்குகிறது. ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் நம் நாவிலே அது பொருள் கெட்டுவிட்டது. அயலவன் மேற் பொறாமை கொண்டவன் பெயரில்லாமல் எழுதிப்போடும் கடிதம் பெட்டிசம். விதானையாரைப் பிடிக்காதவன் இடக்கையால் எழுதி அனுப்புவது பெட்டிசம். எழுதியவன் மறைந்து நிற்பான், எழுதப்பட்டவன் அலைக்கழிவான், உண்மையோ இருவருக்கும் நடுவே நசுங்கும்.

பாராளுமன்றத்துக்குரிய மனு இதற்கு நேர்மாறானது. அங்கே மனுதாரர் தம் பெயரையும் விலாசத்தையும் வெளிப்படையாக எழுதிக் கையொப்பம் இடவேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அதனைச் சபையிலே சமர்ப்பிக்கும்போது, இன்ன இடத்தைச் சேர்ந்த இன்னாரிடமிருந்து கிடைத்த மனு என்று கூறியே சமர்ப்பிக்கின்றார். அது ஹன்சாட் அறிக்கையிற் பதிவாகிறது. நயினாதீவிலே இருக்கும் ஒரு தாயின் பெயர், நாட்டின் சட்டமன்றப் பதிவேட்டில், அவர் கேட்ட நியாயத்தோடு சேர்ந்து நிலைபெறுகிறது. பெட்டிசத்தின் பலம் மறைவு. மனுவின் பலம் வெளிச்சம். இந்த வேற்றுமையை உணராதவன் எழுதும் மனு தொடக்கத்திலேயே செல்லாக்காசாகிவிடும்.

யார் கையாற் போகவேண்டும்?

பாராளுமன்றத்துக்கு மனுவை நேரே தபாலில் அனுப்பிவிட்டால் அது சபைக்கு வந்த மனு ஆகாது. உறுப்பினர் ஒருவரே அதனைச் சமர்ப்பிக்க வேண்டும். பின்னர் அது பொதுமனுக் குழுவுக்குச் சாட்டப்படும். பிரித்தானியாவிலே இந்நாளில் மின்வலை வழியாகக் கையொப்பம் திரட்டி, 10,000 சேர்ந்தால் அரசாங்கத்தின் பதிலும், 100,000 சேர்ந்தால் விவாதத்துக்குரிய பரிசீலனையும் பெறலாம். நம் நாட்டின் வழி அதுவன்று. இங்கே எண்ணிக்கை கதவைத் திறக்காது. உறுப்பினரின் கையே திறக்கும்.

ஒரு காலத்திலே இது தீவகத்தாருக்கு எளிதாக இருந்தது. 1947 ஆம் ஆண்டு தொடக்கம் 1977 ஆம் ஆண்டுத் தேர்தல் வரையில் ஊர்காவற்றுறைத் தொகுதிக்கென்று தனி உறுப்பினர் ஒருவர் தெரிவாகி வந்தார். வ. ஆ. கந்தையா அவர்கள், வ. நவரத்தினம் அவர்கள், கா. பொ. இரத்தினம் அவர்கள் என்று அவ்வரிசையைப் பெரியோர் இன்றும் நினைவில் வைத்திருப்பர். குறையென்றால் யாரிடம் போவது என்று தீவகத்தான் யோசிக்க வேண்டியதில்லை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொண்டுவந்தது. இன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் முழுமைக்கும் சேர்த்தே உறுப்பினர் தெரிவாகின்றனர். 2024 ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தேர்தலிலே அவ்வாறு தெரிவானோர் 6 பேர். தீவகத்துக்கு மட்டும் உரியவர் எவருமில்லை.

இதனால் நமக்கு ஒரு கடமை கூடியிருக்கிறது. உறுப்பினரை நாமே தெரிந்தெடுத்து, மனுவை அவர் கையிற் கொடுத்து, சமர்ப்பிக்கச் சம்மதமா என்று கேட்டறிய வேண்டும். ஒரே மனுவை எல்லாரிடமும் கொடுத்துவிட்டு ஆறுதலாக இருப்பது தவறு. இவர் செய்வாரென்று அவரும், அவர் செய்வாரென்று இவரும் இருந்துவிடுவர். ஒருவரிடம் கொடுங்கள், திகதி குறித்துக்கொள்ளுங்கள், அவர் மறுத்தால் மட்டும் அடுத்தவரிடம் செல்லுங்கள். கட்சி பார்த்துக் கூச்சப்படவும் வேண்டாம். நாம் வாக்களியாத கட்சியின் உறுப்பினரும் நம் மாவட்டத்தின் உறுப்பினரே.

எது மனுவுக்குரிய பொருள்?

இங்கேதான் பெரும்பாலோர் வழி தவறுகின்றனர். "எங்கள் தீவுக்குப் பாலம் வேண்டும், வைத்தியர் வேண்டும், குடிநீர் வேண்டும், மைதானம் வேண்டும்" என்று ஒரே தாளில் அடுக்கி, நூறு பேர் கையொப்பமிட்டு அனுப்புகின்றனர். இவை நியாயமான விருப்பங்கள்; ஆனால் இவை கொள்கையையும் வரவு செலவையும் பற்றியவை. வரவு செலவுத் திட்ட விவாதத்திலும், அமைச்சரிடம் கேட்கும் வாய்மூல வினாவிலும், பிரதேச அபிவிருத்திக் கூட்டத்திலும் எழுப்பப்பட வேண்டியவை. உறுப்பினருக்கு அவற்றைக் கோரிக்கைக் கடிதமாகக் கொடுப்பதே முறை.

பொதுமனுக் குழுவின் முன் நிற்கக்கூடியது வேறு. அரச உத்தியோகத்தர் ஒருவரோ, அரச கூட்டுத்தாபனமோ, உள்ளூராட்சி மன்றமோ செய்த செயலினால், அல்லது செய்யாமல் விட்டதனால், குறித்த ஒருவருக்கோ குறித்த ஒரு மக்கட் பகுதியினருக்கோ நேர்ந்த அநீதியே அதன் பொருள். "படகு வேண்டும்" என்பது விருப்பம். "இன்ன திகதியில் அனுமதிக்கப்பட்ட படகுச் சேவை, இன்ன திணைக்களத்தால், காரணம் கூறாமல் நிறுத்தப்பட்டது, நாம் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதிலில்லை" என்பது மனு. குறை ஒன்றுதான், ஆனால் முன்னதற்குப் பொறுப்பாளி எவருமில்லை, பின்னதற்கு இருக்கிறார்.

இன்னுமொன்று. நீதிமன்றத்தில் வழக்காக நிற்கும் விடயத்தை மனுவாக்கலாகாது. நீதிபதி தீர்க்க வேண்டியதைச் சட்டமன்றம் தொடுவதில்லை. அயலவனோடு உள்ள வேலித் தகராறும் மனுவுக்குரியதன்று. அது உரிமையியல் வழக்கு. ஆனால் அதே காணிக்குரிய அரச பதிவை ஓர் உத்தியோகத்தர் காரணமின்றி மறுத்தால், அம்மறுப்பு மனுவுக்குரியதாகும்.

எழுதும் முறை

இனி, தாளை எடுத்து எழுதுவோம். ஒரு மாதிரியைக் கற்பனை செய்து கொள்வோம். நெடுந்தீவிலே, காலஞ்சென்ற அரச ஊழியர் ஒருவரின் மனைவி. கணவரின் ஓய்வூதியத்தில் தமக்குரிய பங்குக்கு விண்ணப்பித்து இரண்டு ஆண்டுகள் கழிந்தன. கோவையைக் காணவில்லை என்று கந்தோர் சொல்கிறது. அவர் எப்படி எழுதவேண்டும்?

முதலாவது, விளிப்பு. மனு பாராளுமன்றத்தை நோக்கியதாக இருத்தல் வேண்டும். "இலங்கைச் சனநாயக சோசலிசக் குடியரசின் பாராளுமன்றத்துக்கு, நெடுந்தீவில் வசிக்கும் இன்னார் பணிவுடன் சமர்ப்பிக்கும் மனு யாதெனில்" என்று தொடங்கினாற் போதும். முழுப்பெயர், விலாசம், தேசிய அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள்.

இரண்டாவது, நடந்த செய்தி. இலக்கமிட்ட சிறு பந்திகளாக, காலவரிசைப்படி எழுதுங்கள். ஒரு பந்தியில் ஒரு நிகழ்ச்சி. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு திகதி. கணவர் சேவையில் இருந்த காலம், அவர் இறந்த திகதி, விண்ணப்பம் கொடுத்த திகதி, கந்தோர் பதில் எழுதிய திகதி. "பல வருடங்களாக", "எத்தனையோ தடவை" என்ற சொற்களை விலக்குங்கள். அவை கண்ணீரைக் காட்டுமேயன்றிக் கணக்கைக் காட்டமாட்டா. அதிகாரி கணக்குக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

மூன்றாவது, பொறுப்பாளி. எந்தத் திணைக்களம், எந்தப் பதவியில் உள்ளவர், எந்தக் கோவை இலக்கம் என்பதைக் குறிப்பிடுங்கள். பதவியைக் குறிப்பிடுங்கள், ஆளை ஏசாதீர்கள். மனு மரியாதையான மொழியில் இருத்தல் வேண்டும் என்பது சட்டமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் விதி. "இலஞ்சப் பேய்" என்று எழுதிய ஒரு சொல்லுக்காக முழு மனுவும் ஒதுக்கப்படுமானால் நட்டம் யாருக்கு? கோபம் நியாயமானதாகவே இருக்கலாம். அதைத் திகதிகள் பேசட்டும்.

நான்காவது, முன்செய்த முயற்சி. பாராளுமன்றம் கடைசிக் கதவுகளுள் ஒன்று. முதற் கதவுகளைத் தட்டினோம் என்பதற்குச் சான்று வேண்டும். பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதம், திணைக்களத் தலைவருக்கு எழுதிய கடிதம், அவற்றைப் பதிவுத் தபாலில் அனுப்பிய பற்றுச்சீட்டு ஆகியன அச்சான்றுகள். பற்றுச்சீட்டை எறிந்துவிடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அச்சிறு துண்டு, பத்துப் பக்கப் புலம்பலிலும் பெரிது.

ஐந்தாவது, வேண்டுதல். மனுவின் உயிர் இதுவே. ஈற்றில், "ஆகவே மனுதாரர் வேண்டுவது யாதெனில்" என்று தொடங்கி, ஒரே ஒரு பரிகாரத்தைக் கேளுங்கள். "நியாயம் வழங்குக" என்றால் எவருக்கும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "இன்ன இலக்கக் கோவையை மீளமைத்து, இன்ன திகதி முதல் எனக்குரிய ஓய்வூதியத்தையும் நிலுவையையும் வழங்கும்படி திணைக்களத்துக்கு விதந்துரைக்குக" என்றால், செய்தார்களா இல்லையா என்பதை நாளைக்கு நாமே அளந்து பார்க்கலாம்.

ஆறாவது, கையொப்பமும் இணைப்பும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் அடையாளம் இடலாம். ஆனால் மனுவை அவருக்கு வாசித்துக் காட்டி விளக்கியவர் சாட்சியாகக் கையொப்பமிடுதல் நலம். ஆவணங்களின் மூலப்பிரதியை ஒருபோதும் அனுப்பாதீர்கள். நிழற்பிரதி எடுத்து, சமாதான நீதவானைக் கொண்டு உறுதிப்படுத்தி, இலக்கமிட்டு இணையுங்கள். 1990, 1991 ஆம் ஆண்டுகளில் போர் நம்மைத் தீவுகளிலிருந்து விரட்டியபோது உறுதிகளையும் பத்திரங்களையும் இழந்த குடும்பங்கள் பல. மீந்திருக்கும் ஒரு மூலப்பத்திரத்தைத் தபாலில் இழப்பது இரண்டாம் முறை இடம்பெயர்வதற்கு ஒப்பாகும்.

தமிழிலேயே எழுதுங்கள். அதற்கு எவருடைய சலுகையும் வேண்டியதில்லை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தாலும் 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தத்தாலும் அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயத்தில் தமிழுக்குரிய இடம் எழுதப்பட்டுவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். உடைந்த ஆங்கிலத்தில் எழுதிப் பொருளை இழப்பதிலும், தெளிந்த தமிழில் எழுதிப் பதிலையும் தமிழிலே கேட்பதே தகும்.

கையொப்பங்களின் கதை

ஆயிரம் கையொப்பம் இருந்தால் மனு வலிமை பெறும் என்று நம்புவோர் உளர். 1848 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் தொழிலாளர், வயதுவந்த ஆடவர் எல்லார்க்கும் வாக்குரிமை கேட்டு மாபெரும் மனு ஒன்றைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுசென்றனர். சாசன இயக்கத்தார் என்று அவர்களை வரலாறு கூறும். 57 இலட்சம் கையொப்பம் என்று அவர்தம் தலைவர் ஓகானர் முழங்கினார். சபையின் எழுதுவினைஞர் எண்ணிப் பார்த்தபோது 20 இலட்சத்துக்கும் குறைவு. அவற்றுள்ளும் விக்டோரியா மகாராணியின் பெயர், வெலிங்டன் கோமகனின் பெயர் என்று போலிகள் பல. சபை சிரித்தது. நியாயமான கோரிக்கை நகைப்புக்கு இடமாயிற்று. அவர்கள் கேட்ட 6 கோரிக்கைகளுள் 5 பிற்காலத்திலே சட்டமாயின. ஆனால் அன்று உண்மையாகக் கையொப்பமிட்ட இலட்சக்கணக்கான ஏழைகளின் குரல் போலிக் கையொப்பங்களால் அடைபட்டுப் போயிற்று.

நம் ஊரிலும், வெளிநாட்டிலுள்ள மகனுக்காகத் தாயும், இறந்துபோன பாட்டனுக்காகப் பேரனும் கையொப்பமிடும் வழக்கம் இருக்கிறது. வேண்டாம். பாதிக்கப்பட்ட பன்னிருவர், முழுப்பெயரும் விலாசமும் எழுதி, மனுவின் வேண்டுதல் தலைப்பில் எழுதப்பட்ட தாளிலேயே கையொப்பமிட்டால் அது மலைபோல் நிற்கும். வெறுந்தாளில் திரட்டிய கையொப்பத்தைப் பின்னர் எந்த மனுவோடும் ஒட்டலாம் என்பதை மறவாதீர்கள்.

மற்றைய கதவுகள்

எல்லாக் குறைக்கும் பாராளுமன்றம் மருந்தன்று. கோவையில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால், மனுவுக்கு முன்னரே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுள் தம் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அவ்வாறு பெற்ற பத்திரத்தை மனுவோடு இணைத்தால், திணைக்களத்தின் எழுத்தே திணைக்களத்துக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர் என்றொருவர் இருக்கின்றார். ஒம்புட்ஸ்மன் என்று அழைப்பர். 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டப்படி, தொடக்கத்திலே பொதுமனுக் குழு அனுப்பிய முறைப்பாடுகளையே அவர் விசாரிக்க முடிந்தது. 1994 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பொதுமக்கள் நேரடியாகவே அவருக்கு எழுதலாம்.

அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தாலோ காலம் மிகக் குறுகியது. அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கிற் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. ஆணைக்குழுவுக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. கைது, தாக்குதல், பாரபட்சம் போன்றவற்றுக்குப் பாராளுமன்ற மனுவை எழுதிக்கொண்டு மாதத்தைக் கடத்துபவர், நீதிமன்றக் கதவைத் தம் கையாலேயே பூட்டிக்கொள்கின்றார்.

பயன் உண்டா?

"எத்தனையோ ஒப்பந்தங்களைக் கிழித்தெறிந்த சபை, ஏழை ஒருத்தியின் மனுவையா மதிக்கப்போகிறது?" என்று இளைஞர் கேட்பர். கேட்பது நியாயமே. உண்மையை மறைக்க நாம் விரும்பவில்லை. பொதுமனுக் குழுவின் விதந்துரை நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமானதன்று. காலமும் ஆகும். கொழும்புக்கு அழைப்பு வந்தால், நெடுந்தீவார் ஒருவர் குறிகட்டுவானுக்கு ஒரு மணி நேரம் கடலிலே வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் சென்று, இரவெல்லாம் பயணஞ்செய்து ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டைக்குப் போகவேண்டும். மனு என்பது இனத்தின் அரசியற் கோரிக்கைகளுக்கு மாற்றுமன்று.

எனினும் எண்ணிப் பாருங்கள். கோவையைக் காணவில்லை என்று சாளரத்துக்கு அப்பால் இருந்து இலகுவாகச் சொன்ன உத்தியோகத்தர், குழுவின் முன்னே அதே சொல்லை எழுத்திலே சொல்லியாக வேண்டும். அவருடைய மேலதிகாரி அருகில் இருப்பார். கோவைகள் பல அப்பொழுதுதான் கண்டெடுக்கப்படுகின்றன! இன்னொன்று, அந்த அம்மையாருக்குப் பெரிய அரசியற் தீர்வு வரும்வரை காத்திருக்க வயதில்லை. அவருக்கு வேண்டியது இந்த மாத அரிசி. பெருங்கோரிக்கைக்காக நிற்கும் சமுதாயம் சிறு நியாயங்களைக் கைவிடுமானால், பெருங்கோரிக்கையின்மேல் மக்களுக்கு நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும்?

நாம் செய்யக்கூடியது

நம் தீவுகளில் சனசமூக நிலையங்கள் இருக்கின்றன. பத்திரிகை வாசிக்கும் அந்த மேசையிலேயே வாரத்தில் ஒரு மாலை, எழுதத் தெரிந்த இளைஞர் இருவர் அமரட்டும். முதியோர் குறையைக் கேட்டு, திகதிகளை வரிசைப்படுத்தி, மனுவை எழுதிக் கொடுக்கட்டும். கூலி வாங்கலாகாது, கட்சி பேசலாகாது. ஒரு தடித்த பதிவேடு வாங்குங்கள். அதிலே மனுதாரர் பெயர், மனுவைப் பெற்ற உறுப்பினர் பெயர், கொடுத்த திகதி, சபையிற் சமர்ப்பித்த திகதி, குழுவின் பதில் என்று ஐந்து கோடுகள் கீறுங்கள். மாதம் ஒருமுறை அதனைத் திறந்து, வெறுமையாய் உள்ள இடங்களுக்கு நினைவூட்டற் கடிதம் எழுதுங்கள். மனுவின் ஒரு பிரதி எப்பொழுதும் நிலையத்திலே இருக்கட்டும்.

அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருவோர் படகிறங்கித் துறையில் நிற்பர். அவர்களுக்கு மாலை எடுத்துச் செல்வதற்கு முன், அந்தப் பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை மனு பெற்றார்கள், எத்தனையைச் சமர்ப்பித்தார்கள் என்பதை ஊரார் முன்னிலையில் வாசியுங்கள். நாம் கேட்கும் கேள்விகளுள் அவர்களால் எளிதிலே கடந்து செல்ல முடியாத கேள்வி அதுவாகவே இருக்கும்.